நிறுத்தி வைத்த பழைய புல்லட்டில் எண்ணெய் இறங்குவதைத் தடுப்பது எப்படி?

உழவர்கள் பலரின் வீட்டுத் தாழ்வாரத்தில் தந்தை காலத்துப் புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று இன்றும் நிற்பதைக் காணலாம். 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, என்ஃபீல்டு இந்தியா என்னும் பெயரில் இவ்வண்டியைச் சென்னையில் தயாரிக்கத் தொடங்கின. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய எஞ்சின், சரியாகப் பேணினால் நெடுங்காலம் உழைக்கக் கூடியது. ஆனால் நடவு, அறுவடை, அடைமழை என்று சில வாரங்கள் நிறுத்தி வைத்து, பின்பு உதைக்கும்போது புகை மண்டுகிறது; எண்ணெய் ஒழுகுகிறது; அளவுக்கம்பியில் எண்ணெயே தெரிவதில்லை. இதற்குக் காரணம் என்ன, தடுக்கும் வழி என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

எண்ணெய் எங்கே போகிறது?

உங்கள் கிணற்றடியில் உள்ள டீசல் எஞ்சினில் எண்ணெய் அடித்தொட்டியிலேயே தங்கியிருக்கும். எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் அதன் இருப்பிடம் அதுதான். பழைய புல்லட்டின் அமைப்பு வேறு. இதில் எண்ணெய்க்கென்று தனி அறை, கிராங்க் அறைக்குப் பின்புறம், அதே வார்ப்பில் அமைந்துள்ளது. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 2¼ லிட்டர். எஞ்சினுக்குள் இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று, எண்ணெயை அறையிலிருந்து எடுத்துக் கனெக்டிங் ராடின் பெரிய முனைக்கு அனுப்புகிறது. மற்றொன்று, கிராங்க் அறையில் வடிந்து சேரும் எண்ணெயை உறிஞ்சி மீண்டும் எண்ணெய் அறைக்கே திருப்புகிறது.

எஞ்சின் ஓடும்வரை வரவும் செலவும் சரியாக இருக்கும். எஞ்சின் நின்றதும் திருப்பும் பம்பும் நின்றுவிடும். ஆனால் எண்ணெய் தன் எடையால், அனுப்பும் பம்பின் வட்டுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே உள்ள நுண்ணிய சந்து வழியாகச் சிறிது சிறிதாகக் கிராங்க் அறைக்குள் இறங்கும். மடையின் பலகை சரியாகப் பொருந்தாவிட்டால் இரவெல்லாம் நீர் கசிந்து வயல் நிரம்புவது போன்றதுதான் இது. புதிய பம்பில் கசிவு மிகக் குறைவு. தேய்ந்த பம்பிலும், வெயில் காலத்தில் எண்ணெய் இளகியிருக்கும்போதும் கசிவு மிகுதி.

பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் போன்ற பழைய ஆங்கில வண்டிகளிலும் இதே தொல்லை உண்டு. அவற்றில் எண்ணெய்த் தொட்டி இருக்கையின் கீழ்த் தனியாக இருப்பதால், சிலர் குழாயில் ஒரு அடைப்பான் பொருத்திவிடுகிறார்கள். இது ஆபத்தான வழி. அடைப்பானைத் திறக்க மறந்து ஒரே ஒருமுறை ஓட்டினாலும் பெரிய முனைத் தாங்கி எரிந்து போகும். புல்லட்டில் எண்ணெய் அறை எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் அடைப்பான் பொருத்த வழியும் இல்லை, தேவையும் இல்லை.

பெரும்பாலோர் செய்யும் தவறு

பல நாள் நின்ற வண்டியின் அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்து, எண்ணெய் குறைந்துவிட்டது என்று எண்ணி ஒரு லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள். எண்ணெய் எங்கும் போகவில்லை. கிராங்க் அறையில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடியதும் அது எண்ணெய் அறைக்குத் திரும்பும். அங்கே இடமில்லாமல் மூச்சுக்குழாய் வழியாக வெளியே பீறிடும். சிலிண்டருக்குள் ஏறிய எண்ணெய் ஸ்பார்க் பிளக்கில் படிந்து வண்டியை உதைக்கவிடாது. "எஞ்சின் போய்விட்டது, சிலிண்டர் துளைபோட வேண்டும்" என்று யாரேனும் சொல்ல, நல்ல எஞ்சினைப் பிரித்து வீண்செலவு செய்வோரும் உண்டு.

எனவே விதி இதுதான்: எண்ணெய் அளவை, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்திய பின்னரே, வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

கசிவை அளந்து அறிதல்

உங்கள் வண்டியில் கசிவு எவ்வளவு என்பதை நீங்களே கண்டறியலாம். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி, அளவுக்கம்பியில் எண்ணெய் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் வண்டியைத் தொடாமல் விட்டு, உதைக்கும் முன் மீண்டும் பாருங்கள். சிறிதளவு இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஓரிரு நாளிலேயே கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் பம்பு தேய்ந்துள்ளது என்று பொருள். நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, பம்பு வட்டையும் இருக்கையையும் நுண்பசையிட்டுத் தேய்த்துப் பொருத்தச் செய்யுங்கள். தளர்ந்த சுருள்வில்லை மாற்றச் சொல்லுங்கள். கசிவைக் குறைக்கலாம் என்று அளவுக்கு மிஞ்சிக் கெட்டியான எண்ணெயை ஊற்றக் கூடாது. 20டபிள்யூ-50 தர எண்ணெயே போதும்.

நிறுத்தி வைக்கும்போது

1. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாயின், எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி வாருங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்துள்ள ஈரமும் அமிலமும் தாங்கிகளை அரிக்கும்.

2. நடு ஸ்டாண்டில், சமதளத்தில், கூரையின் கீழ் நிறுத்துங்கள். உர மூட்டை அடுக்கிய அறை ஆகாது. உரத்தின் ஈரம் உலோகத்தைத் துருவேற்றும்.

3. கிக்கரை மெதுவாக அழுத்தி, இறுக்கம் தென்படும் இடத்தில் விட்டுவிடுங்கள். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது.

4. பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரில் உள்ளதை வடித்துவிடுங்கள். இக்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது.

5. இயன்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை எடுத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதால் நன்மையில்லை. எஞ்சின் சூடேறாமல் உள்ளே நீர்தான் சேரும்.

மீண்டும் எடுக்கும்போது

முதலில் அளவுக்கம்பியைப் பாருங்கள். எண்ணெய் ஓரளவு தெரிந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இருபது முறை நிதானமாகக் கிக்கரை அழுத்துங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, உதைத்து, மெதுவான ஓட்டத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். திருப்பும் பம்பு எண்ணெயை மீட்டுவிடும், புகையும் அடங்கும்.

கம்பியில் எண்ணெய் சிறிதும் தெரியாவிட்டால் உதைக்க வேண்டாம். கிராங்க் அறையின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, சுத்தமான பாத்திரத்தில் எண்ணெயை வடியுங்கள். எண்ணெய் அறைக்கும் கிராங்க் அறைக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. எது எதற்கு என்று முதல்முறை மெக்கானிக்கிடம் கேட்டு, வண்ணம் பூசி அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். திருகை இறுக்கிய பின், வடிந்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றி, முன்சொன்னபடி எஞ்சினை எடுங்கள்.

எஞ்சின் ஓடியதும் சிலிண்டர் தலைக்குச் செல்லும் மெல்லிய எண்ணெய்க் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்தால் சுற்றோட்டம் சரி, மீண்டும் இறுக்கிவிடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கசியாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

வடித்த பழைய எண்ணெயை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அது மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். உண்ணிக்கு மருந்தென்று மாட்டின் மேல் தடவுவதும் தவறு. டப்பாவில் சேர்த்துப் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

எஞ்சினைப் பிரிக்கும் செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். அளவுக்கம்பியைப் பார்க்கும் வேலைக்கு ஒரு நிமிடமே ஆகும். அந்த ஒரு நிமிடத்தை வழக்கமாக்கிக்கொண்டால், தந்தை ஓட்டிய வண்டியை மகனும் ஓட்டலாம்.