பங்குத்தந்தையரும் உயிரியல் அறநெறியும்

மருத்துவம் எழுப்பும் ஒழுக்கக் கேள்விகளை ஆராயும் துறை உயிரியல் அறநெறி. கத்தோலிக்கக் குருமடங்களில் இது ஒழுக்க இறையியலோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகிறது. அதன் பயன் தெரிவது பங்குப்பணியில்தான்.

சவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு, 1952இல் உருவான வேலூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் உள்ளது. இத்தகைய மலையூரிலிருந்து நோயாளியைச் சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டுவந்த குடும்பம், செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றலாமா என்று கேட்டால், நோயில் பூசுதல் அளிக்க வந்த பங்குத்தந்தை என்ன சொல்வார்? கருவியை நிறுத்துவதெல்லாம் கருணைக்கொலை என்று அஞ்சுவோர் உண்டு. திருச்சபையின் போதனை அதுவன்று. இயல்புக்கு மீறிய சிகிச்சையை ஏற்கும் கடமை யாருக்கும் இல்லை என்று 1957இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்களிடம் விளக்கினார். குடும்பத்தின் மேல் சுமத்தப்படும் பெருஞ்சுமையும் இங்கே கணக்கில் வரும். உணவும் நீரும் வேறு: குழாய்வழி தந்தாலும் அவை கொள்கையளவில் இயல்பான பராமரிப்பே என்று 2007இல் உரோமை அறிவித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் உயிர்காப்புச் சிகிச்சையை நிபந்தனைகளுடன் விலக்க அனுமதித்தது.