தோட்டத்தில் பாம்பு: அடிக்கணுமா, விடணுமா? கடித்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கீரை பறிக்கப் போன இடத்தில், விறகு எடுக்கப் போன இடத்தில், ராத்திரி மோட்டார் போடப் போன வரப்பில்... கிராமத்து வீடுகளில் பாம்பைப் பார்க்காமல் ஒரு மழைக்காலம் கழிவதில்லை. பார்த்ததும் ‘எடுடா கம்ப!’ என்ற சத்தம்தான் முதலில் கேட்கும். அடிபட்டுச் சாவது பெரும்பாலும் விஷமே இல்லாத சாரையாக இருக்கும். உண்மையிலேயே உயிரை எடுக்கக்கூடிய பாம்போ, எல்லோரும் தூங்கிய பிறகு சத்தமில்லாமல் வீட்டுக்குள் வரும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். இத்தனைக்கும் பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. அப்புறம் ஏன் இவ்வளவு சாவு? பாம்பைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல விஷயங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைத் தின்றுவிடுவது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

பாம்பு ஏன் தோட்டத்துக்கு வருகிறது?

மனிதரைத் தேடி எந்தப் பாம்பும் வருவதில்லை. அது வருவது சாப்பாட்டுக்கும், ஒதுங்க ஓர் இடத்துக்கும்தான்.

கோழிக் கூண்டுக்குக் கீழே சிந்திய தீவனம், களத்தில் கிடக்கும் தானியம், மூட்டை அடுக்கிய அறை... இதெல்லாம் எலியை வரவழைக்கும். எலியைத் தேடி சாரையும் நாகமும் கண்ணாடி விரியனும் வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் தவளை இருக்கும், தவளைக்காக நீர்ப்பாம்பு வரும். தென்னை மட்டைக் குவியல், விறகு அடுக்கு, பழைய ஓடு, செங்கல் குவியல் எல்லாம் பகல் வெயிலுக்கு அது பதுங்கும் இடம். மழை பெய்து வளைக்குள் தண்ணீர் புகுந்தால், மேடான இடம் தேடி வீட்டுப் பக்கம் ஏறும். மழைக்காலத்தில் பாம்பு அதிகம் கண்ணில் படுவது இதனால்தான்.

அப்படியென்றால் எல்லாப் பாம்பையும் அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. எலியும் குவியலும் அப்படியே இருந்தால் அடுத்த பாம்பு வரும். தோட்டத்தில் எலி பிடிக்கும் சாரையை அடித்தால் லாபம் எலிக்குத்தான். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பாம்புகள் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அடித்துக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

எந்தப் பாம்புக்குப் பயப்படணும்?

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் விஷமுள்ளவை சுமார் 60. பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் சொல்வது நான்கு பாம்புகளை.

நல்ல பாம்பு (நாகம்): படம் எடுத்து எச்சரிக்கும். கடித்த இடம் வீங்கி வலிக்கும், பிறகு கண் இமை தொங்கும், மூச்சு திணறும்.

கட்டுவிரியன்: கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். ராத்திரியில் மட்டும் சுறுசுறுப்பு. நான்கிலும் ஏமாற்றுக்காரப் பாம்பு இதுதான்.

கண்ணாடி விரியன்: தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்தது போல முட்டை வடிவப் புள்ளிகள். குக்கர் விசில் மாதிரி பலமாகச் சீறும். இதன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

சுருட்டை விரியன்: உருவத்தில் சிறியது. வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் இருக்கும். உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசி ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும்.

தோட்டத்தில் அடிக்கடி பார்க்கும் சாரை, நீர்ப்பாம்பு, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் ஆகியவை மனிதருக்கு ஆபத்தில்லாதவை. ‘கண்ணைக் கொத்தும்’ என்று பயமுறுத்தப்படும் பச்சைப் பாம்பும் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கட்டுவிரியனைப் போலவே வெள்ளை வளையங்களோடு, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பும் வீட்டுச் சுவர்களில் ஏறித் திரியும். ஓநாய்ப் பாம்புக்கு வளையங்கள் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைப் பக்கம் மங்கலாக இருந்து பின்னால் தெளிவாகும். படிக்க எளிதாகத் தெரியும். ராத்திரியில், பதற்றத்தில், டார்ச் வெளிச்சத்தில் இதைப் பார்த்து முடிவு செய்ய முடியுமா? அதனால் ‘இது விஷமில்லாததுதான்’ என்று நாமே தீர்ப்பு சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கட்டுவிரியன் கடித்தது ஏன் தெரிவதில்லை?

கட்டுவிரியன் கடி பல நேரம் கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. பெரிதாக வீக்கம் இருக்காது, பல் பட்ட தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது கடித்துவிட்டுப் போய்விடும்.

விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, தொண்டை வலி என்று எழுவார்கள். ‘நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல போல’ன்னு சோடாவோ கஷாயமோ கொடுத்துப் படுக்க வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமையைத் திறக்க முடியாது, எச்சில் விழுங்க வராது, பேச்சு குழறும். விஷம் நரம்பு வழியாகத் தசைகளுக்குப் போகும் உத்தரவைத் தடுப்பதால் கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும்.

அதனால் தரையில் படுத்துத் தூங்கியவர், குறிப்பாகக் குழந்தை, காரணமில்லாமல் அதிகாலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லி, கூடவே கண் இமையும் தொங்கினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் சொருகிவிடுவதும் இதற்கு நல்ல தடுப்பு.

கடித்துவிட்டால் என்ன செய்யணும்?

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்துத் தைரியம் சொல்ல வேண்டும். ஓடவோ நடக்கவோ விடக் கூடாது. தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும்.

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறினால் அவை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

கை, கால் எலும்பு முறிந்தால் எப்படிக் குச்சி வைத்து அசையாமல் கட்டுவோமோ, அப்படித் தளர்வாகக் கட்டலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமாகும் ஊராக இருந்தால், பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக்கூடக் கொண்டுபோகலாம். கடித்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்வது உதவும்.

செய்யக் கூடாதது எது?

கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் ஊர்ப்பக்கம் முதலில் நடக்கும் தவறு. ரத்தம் போகாமல் கையோ காலோ அழுகிப்போகும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே யாராவது கட்டிவிட்டிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறலாம். மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சூடு வைப்பது, ஐஸ் வைப்பது, மது கொடுப்பது எதுவும் உதவாது. கண்ணாடி விரியன் கடித்தவருக்குக் கீறிவிட்டால் ரத்தம் நிற்காமலே போகலாம்.

பாம்பைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை. அதைத் தேடிப் போய் இன்னொருவர் கடி வாங்கிய கதைகள் உண்டு. தூரத்தில் இருந்து போன் கேமராவில் ஒரு படம் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நம் நாட்டில் தரப்படும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது.

‘ஊசியே போடாம படுக்க வச்சிருக்காங்க’ - ஏன்?

மருத்துவமனையில் உறவினர்கள் கோபப்படும் இடம் இது. கடித்த எல்லாப் பாம்பும் விஷத்தை இறக்குவதில்லை. விஷப் பாம்பேகூடச் சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கும். விஷமுறிவு மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. அதனால் விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்த பிறகே மருத்துவர்கள் அதைக் கொடுப்பார்கள்.

அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் தண்ணியாக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் சோதனை சரியாக இருந்தாலும் மீண்டும் மீண்டும் செய்வார்கள். அறிகுறி இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது இதற்காகத்தான். பாதியில் ‘எல்லாம் சரியாயிடுச்சு’ன்னு எழுந்து வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயம், குழந்தைக்கும் பெரியவருக்கும் கொடுக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். ஆள் சின்னவர் என்பதற்காகப் பாம்பு குறைவாக விஷம் இறக்குவதில்லையே.

மந்திரித்தால் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். பல கடிகள் விஷமில்லாத பாம்புகளுடையவை. சில, விஷம் இறங்காத கடிகள். இவர்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பெயர் மந்திரித்தவருக்குப் போய்விடுகிறது. உண்மையிலேயே விஷம் ஏறியவருக்கு வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிவதை மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பது கட்டுக்கதை. அது மரத்தில் வாழும் பாம்பு, விஷமே கிடையாது. சாரையும் நாகமும் பிணைவதாகச் சொல்லப்படும் காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. மண்ணுளிக்கு இரண்டு தலை கிடையாது. மழுங்கிய வால் தலை போலத் தெரியும், அவ்வளவுதான். அதைக் கோடிக்கணக்கில் விலைபோகும் என்று விற்பது மோசடி, வாங்கினாலும் வழக்கு வரும்.

சிறியாநங்கை நட்டால், ஆகாச கருடன் கிழங்கைக் கட்டினால், பூண்டு கரைத்துத் தெளித்தால் பாம்பு வராதா? பாம்பு வராமல் இவை தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. செடி வளர்ப்பதில் தவறில்லை. அதை நம்பி டார்ச் இல்லாமல் நடப்பதுதான் தவறு.

விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது?

பாம்பிடமிருந்தேதான். பாம்பின் விஷத்தைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்து தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தைச் சேகரிப்பதில் தமிழ்நாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் செயல்படும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. 1972-ன் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோக, பிழைப்பை இழந்த இருளர்களுக்கு அவர்களுடைய அறிவையே தொழிலாக்கித் தந்த முயற்சி அது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு வந்தால்தானே எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து அனுப்புவது என்று திட்டமிட முடியும்.

தோட்டத்தில் என்ன மாற்றலாம்?

விறகு, மட்டை, ஓடு எதையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். தள்ளி, தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக, கல் வைத்து அடுக்கலாம். கோழித் தீவனத்தை ராத்திரியில் சிந்தியபடி விட வேண்டாம். எலி வளைகளை அடைத்து, கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளிக்குக் கட்டை அடித்து, சாக்கடைக் குழாய்க்கு வலை போட வேண்டும்.

பூசணிக் கொடிக்கு அடியிலோ, மூடாக்குக்குள்ளோ, சருகுக் குவியலிலோ கையை நேராக விடாமல் முதலில் குச்சியால் கிளற வேண்டும். வாசலில் கழற்றி வைத்த செருப்பு, பூட்ஸைத் தட்டிவிட்டுப் போட வேண்டும். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போகிறவர் டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் இல்லாமல் வரப்பில் இறங்கவே கூடாது. பாம்புக்கடியில் பெரும்பாலானவை காலில்தான் படுகின்றன.

பாம்பைப் பார்த்துவிட்டால்? அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்கினாலே பெரும்பாலும் அது போய்விடும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் விலக்கிவிட்டு, அது எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் கண் வைத்திருக்க, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்கலாம்.

மழை தொடங்கும் முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியில் மருத்துவர் இருப்பாரா, விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா, இல்லையென்றால் அடுத்த அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், நடுராத்திரி வண்டி எடுக்க ஊரில் யார் வருவார் என்பதையெல்லாம் விசாரித்து, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். கடித்த பிறகு இதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.