மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு

ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டை வட்டாரங்களில் தக்காளி, கோஸ், ரோஜா சாகுபடி செய்யும் சிறு விவசாயிகளுக்குக் கவலை புதிதல்ல. விலை சரிந்தால் தக்காளி பறிப்புக் கூலிக்கே கட்டுபடியாவதில்லை. போர் வறண்டு போனாலும் அதற்கு வாங்கிய கடன் நிற்கிறது. பிள்ளைகள் சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விடுவதால், தோட்டத்தில் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. கவலை சில நாட்களில் தணிந்தால் அது இயல்பு. தணியாமல் நீடித்தால் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

அறிகுறிகள்

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்திருத்தல், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். ஓயாத பயம், படபடப்பு, கை நடுக்கம் ஆகியவை மனப்பதற்றத்தைக் காட்டும். பலர் இவற்றை உடம்பு வலி என்றே சொல்வார்கள். நெஞ்சு வலி இருப்பின் முதலில் மருத்துவரிடம் இருதயத்தைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். குடித்தால் தூக்கம் வருவதுபோல் தோன்றும். ஆனால் நோய் முற்றும்.

பேச்சுச் சிகிச்சை

சோர்ந்தவர் தோட்டத்துக்குப் போவதில்லை. போகாததால் வேலை தேங்குகிறது. தேங்கிய வேலை சோர்வைக் கூட்டுகிறது. இதை உடைக்க, ஒரு பாத்தி களையெடுப்பது போன்ற சிறு வேலையைத் தினமும் குறித்து வைத்து, மனம் வராவிட்டாலும் செய்யுமாறு ஆலோசகர் பழக்குவார். கோவாவில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 8 முறை இவ்வாறு சிகிச்சை அளித்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் இவர்களிடம் வந்தவர்களில் 100க்கு 64 பேர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 பேரே.

மூச்சைக் கவனித்தல்

காலையில் 10 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மூச்சு வந்து போவதைக் கவனிக்கவும். கடன் நினைவு வந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல், மீண்டும் மூச்சுக்குத் திரும்பவும். இது கடனைத் தீர்க்காது, பதற்றத்தைக் குறைக்கும். கடுமையான சோர்வுக்கு இது மட்டும் போதாது. மருத்துவர் மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யச் சில வாரங்களாகும். தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டார் கவனத்திற்கு

"சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவரைத் தனியே விடக் கூடாது.

எங்கே செல்வது?

மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணமில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் உள்ளது.

செடி வாடினால் வேரைப் பார்க்கும் விவசாயி, தன் மனம் வாடும்போது மறைக்கத் தேவையில்லை. காலத்தில் கவனித்தால் குணமாகும்.