மாமியார் வீட்டுத் தலையணை

கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாலும் சிப்காட் வந்ததை மூக்கு சொல்லிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பழைய பேச்சு. எனக்கு இழுப்பு ஆரம்பிப்பது அங்கே அல்ல. சிதம்பரத்தில், மாமியார் வீட்டில், ராத்திரி 2 மணிக்கு!

"எங்கம்மா வீடுன்னாலே உங்களுக்கு மூச்சு முட்டுமே" என்று கேஸை முடித்துவிட்டாள் மனைவி. போன மழைக்காலத்தில் பேச்சே வராமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்த பிறகுதான் கிண்டல் நின்றது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தலையணைக்கு என்ன வயசு?"

மாப்பிள்ளைக்கென்றே எடுத்து வைத்த இலவம்பஞ்சுத் தலையணை சார். என் கல்யாணத்தைவிட மூத்தது!

அதில் குடியிருப்பது டஸ்ட் மைட். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம் உதிர்க்கும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. கடலோர ஈரம் ராஜபோகம். அதன் எச்சத்திலுள்ள ஒரு என்ஸைம், மூச்சுக்குழாயின் உள்பக்கத்து செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இணைப்பையே அறுக்கிறது.

நான் பி.காம். அந்த செல்களைச் சும்மா சுவர்ப்பூச்சு என்று நினைத்திருந்தேன். விஞ்ஞானிகளே ரொம்ப நாள், அலர்ஜி என்பது வெள்ளணுக்களின் கலாட்டா என்றுதான் பார்த்தார்கள். முதல் விசில் ஊதும் வாட்ச்மேனே இந்தப் பூச்சுதான் என்பது பிறகுதான் புரிந்தது. டி.எஸ்.எல்.பி., ஐ.எல்.33, ஐ.எல்.25... இவை விசில்களின் பெயர்கள். சத்தம் கேட்டு ஓடிவரும் நோய் எதிர்ப்புப் படை, தூசியைத் திருடன் என்று நம்பி வீட்டையே உடைக்கிறது. குழாய் வீங்கி, சளி கட்டி, சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது.

ரசாயன வாயு, ஜலதோஷ வைரஸ், சிகரெட் புகை எல்லாமே இதே பூச்சைப் புண்ணாக்கும். (டீக்கடையில் பற்ற வைத்தபடி இதைப் படிக்கும் நண்பர் கவனிக்க!) சிப்காட் கிராமத்து ஜனங்கள் 2004-ல் வாளியும் பையுமாகக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியது தனிக்கதை.

என் தப்பும் உண்டு. தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை, இரண்டு மாதம் சுகமாக இருந்ததும் நிறுத்திவிட்டேன். ஆபீஸில் பார்த்தால் கேட்பார்களே என்ற கூச்சம் வேறு. அவசரத்துக்கு நீல இன்ஹேலர் மட்டும். அது தசையைத் தளர்த்தும். வீக்கம் அப்படியே இருக்கும், வாட்ச்மேன் ஊதிக்கொண்டே இருப்பார். நீலத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது.

டி.எஸ்.எல்.பி. விசிலையே பிடுங்குகிற டெஸிபெலுமாப் ஊசிக்கு, 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. அது கடும் ஆஸ்துமாக்காரர்களுக்கு. எனக்கு இன்ஹேலரும், வாரா வாரம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசிய உறையும் போதுமாம். தலையணையை மட்டும் மாற்றியாக வேண்டும்.

தீபாவளிக்குச் சிதம்பரம் போகிறோம். தலையணை விஷயத்தை அத்தையிடம் யார் சொல்வது என்று வீட்டில் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது.