பாலைவனத் தூசியும் ஆஸ்துமாவும்: வெளியூர்ப் பயணம் செல்லும் மூத்தோர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புகைமூட்டம் பழகிப்போன தொல்லை. பாலைவனத் தூசி அப்படியன்று. அது பொதுவாக இங்கு வந்து சேர்வதில்லை. நாம்தான் அது இருக்கும் இடத்திற்குப் போகிறோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை டில்லி, ஆக்ரா, மதுரா பக்கம் செல்வோர், தார்ப் பாலைவனத்திலிருந்து வரும் புழுதிக் காற்றில் சிக்க நேரலாம். உம்ராவுக்காக மக்கா, மதீனா செல்வோரும் மணற்காற்றைச் சந்திக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியும் மணலைவிடத் தெரியாத தூசியே அதிகக் கெடுதல் செய்கிறது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 2.5 மைக்ரோனுக்கும் குறைவான துகள், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு உள்ளது, நுரையீரலின் ஆழம்வரை போகும். அது தனியாகவும் போவதில்லை. பூஞ்சை வித்துகள், பாக்டீரியாக்கள், மகரந்தம் ஆகியவை அதனுடன் சேர்ந்து வரும். நகரங்களைக் கடக்கும்போது வாகனப் புகைக்கரியும் ஆலைப் புகையும் அதனுடன் கலந்துவிடும். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கியிருக்கும். இவை பட்டதும் அது மேலும் வீங்கி இறுகும், சளி கூடும். இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம் எல்லாம் இதனால்தான்.

காற்று அடங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய தூசி அதற்குப் பிறகும் பல மணி நேரம், சில வேளை ஓரிரு நாள், காற்றில் மிதக்கும். வானம் மங்கலாக இருக்கும்வரை சன்னலைச் சாத்தி, அறையிலேயே இருங்கள். ஈரத் துண்டால் முகத்தை மூடுவது நம் பழக்கம். அது மணலைத் தடுக்கும், மெல்லிய தூசியைத் தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். அணிந்தால் மூச்சு முட்டுமா என்பதைப் பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றுத்தர எண்ணைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இந்தியக் குறியீட்டில் 150 ‘மிதமானது’ என்ற பிரிவில் வரும். நம் பிஎஸ்ஐ அளவில் 150 என்பது ஆரோக்கியமற்ற நிலை. ‘மிதம்’ என்ற சொல்லை நம்பி நீண்ட தூரம் நடக்க வேண்டாம்.

நோயைக் கட்டுப்படுத்த தினமும் எடுக்கும் இன்ஹேலரை, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். அதன் பலன் ஒரே நாளில் வருவதன்று. புழுதி வந்த பிறகு தொடங்கினால் உடனடியாக உதவாது. இழுப்பு வரும்போது பயன்படுத்தும் நிவாரண இன்ஹேலர் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் அதை வைக்காதீர்கள். உங்கள் ஆஸ்துமா செயல்திட்டத்தின் நகல் ஒன்றை உடன் வருபவரிடமும் கொடுத்து வையுங்கள்.

நிவாரண இன்ஹேலர் எடுத்தும் மூச்சுத்திணறல் குறையவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

நாடு திரும்பிய பிறகும் இரவில் இருமல் எழுப்பினால் பலதுறை மருந்தகத்திற்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். எந்த ஊருக்குப் போயிருந்தீர்கள், அங்கு எத்தனை நாள் புழுதி வீசியது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.