திருவிழாச் சந்தைகளில் கைத்தொழிற் பொருள்களின் விற்பனை

தர்மபுரி ஜில்லா வானம் பார்த்த பூமியை மிகுதியாக உடையது. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் வீடு சேர்ந்தபின், தை மாதம் தொடங்கிக் கோடை மழை பெய்யும் வரையில், மானாவாரி நிலத்தில் செய்தற்குரிய வேலை மிகக் குறைவு. அந்நாட்களில் சிறு குடியானவர் குடும்பங்களில் பலர் வேலை தேடி வெளியூர் செல்லுகின்றனர், செல்லாதவர் கடன்படுகின்றனர். இதற்கு உபதொழிலே தக்க பரிகாரம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. ஆனால் பொருளைச் செய்வதினும் விற்பது அரிது. கூடை முடைவோரும் மண்பாண்டம் வனைவோரும் தையல் வேலை செய்வோரும் தரகர் கேட்ட விலைக்குத் தம் பொருளைக் கொடுத்துவிடுவதால், உழைப்பின் பயன் உழைத்தவரைச் சேர்வதில்லை. வாங்குவோர் தாமே வந்து கூடும் திருவிழாச் சந்தை இக்குறையை ஓரளவு தீர்க்க வல்லது.

சிட்லிங்கியின் அனுபவம்

அரூர் தாலுகாவில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கின்றது. 1993-ஆம் ஆண்டில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் அங்கே மலைவாழ் மக்களுக்கென மருத்துவப் பணியைத் தொடங்கினர். நாளடைவில் அப்பணி உழவையும் கைத்தொழிலையும் தழுவி வளர்ந்தது. அங்குள்ள லம்பாடி மாதரின் பூவேலைத் தையல் அக்காலத்தில் அநேகமாய் மறைந்திருந்தது. பழைய உடையை இளையோர் கைவிட்டமையால், அவ்வேலை அறிந்தவர் முதிய மாதர் சிலரே. அவர்களிடமிருந்து ஏனையோர் மீண்டும் கற்றனர். 2006-ஆம் ஆண்டையொட்டிப் 'போர்கை' என்னும் அமைப்பு உருவாயிற்று. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்பது பொருள்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர்கள் பழைய உடையையே தைத்து விற்க முற்படவில்லை. பழைய தையலைப் பைகளிலும் தலையணை உறைகளிலும் புடவைகளிலும் அமைத்து, நகரத்தார் நாள்தோறும் பயன்படுத்தும் பொருளாக்கினர். இரண்டாவது, இரசாயன உரமின்றி விளைந்த பருத்தித் துணியைக் கையாண்டனர். இதனால் கைத்தொழிலுக்குக் கிடைக்கும் மதிப்பில் பருத்தி விளைவிப்போனுக்கும் பங்கு உண்டாகின்றது.

மாதர் கூட்டாகச் சேமித்துத் தொழில் செய்யும் வழக்கமும் நம் ஜில்லாவுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியின் உதவியுடன் 1989-இல் முதன்முதல் தொடங்கப்பெற்றது தர்மபுரி ஜில்லாவிலேயே ஆகும்.

காலமறிந்து செய்தல்

தைப்பூசத்தில் குமாரசாமிப்பேட்டையிலும், மாசியில் தீர்த்தமலையிலும், ஆடிப் பதினெட்டில் ஒகேனக்கல்லிலும் திரளும் ஜனக்கூட்டம் யாவரும் அறிந்ததே. ஆயினும் எல்லாப் பொருளும் எல்லா விழாவிலும் விலையாகா. ஒகேனக்கல்லில் நீராடித் திரும்புவோர் கையில் எளிதாய்த் தூக்கிச் செல்லக்கூடிய விசிறி, சிறு பை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றையே வாங்குவர். பெரிய பானையை அங்கே கொண்டு செல்வது வீண் சுமை. பானைக்கும் முறத்துக்கும் உரிய காலம் பொங்கல்; அகலுக்குக் கார்த்திகை; பொம்மைக்கு நவராத்திரி.

விற்கும் காலம் வேறு, செய்யும் காலம் வேறு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈர மண் உலராது. ஆகையால் கார்த்திகைக்கு வேண்டிய அகல்களைக் கோடை வெயிலிலேயே வனைந்து, உலர்த்திச் சுட்டு, சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய களிமண்ணும் ஏரி வற்றியுள்ள பங்குனி சித்திரையிலேயே கிடைக்கும். கூடைக்கு மூன்றாண்டு முதிர்ந்த மூங்கிற் கழிகளையே கொள்ளல் நன்று. இளங்கழியை வண்டு எளிதில் துளைத்துவிடும்.

விலை குறித்தல்

நஷ்டத்துக்குப் பெருங்காரணம், செய்வோர் தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமையே. உதாரணமாக ஒரு பூவேலைப் பையை எடுத்துக்கொள்வோம். துணி 80 ரூபாய், நூல் 30 ரூபாய், மிஷின் தையற் கூலி 40 ரூபாய். ஆக 150 ரூபாய். வண்டிச் சத்தத்திலும் கடை வாடகையிலும் அப்பையின் பங்கு 30 ரூபாய். இதனை 250 ரூபாய்க்கு விற்றால் 70 ரூபாய் இலாபம் என்று தோன்றும். ஆனால் பூவேலைக்கு ஆறு மணி நேரம் சென்றிருப்பின், மணிக்குக் கிடைத்தது பன்னிரண்டு ரூபாய்க்கும் குறைவே. 2024-25-ஆம் ஆண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய். அவ்வளவாவது கொண்டால் பூவேலைக்கு 240 ரூபாயும், பைக்கு 420 ரூபாயும் ஆகும். இவ்விலைக்கு வாங்குவார் இல்லையெனில், விலையைக் குறைப்பதைவிடப் பூவேலையின் பரப்பைக் குறைத்து மூன்று மணி நேரத்தில் முடியும் பையைச் செய்வதே முறை.

கடை அமைத்தல்

பொருளைத் தரையில் குவித்து வைத்தால் மதிப்புக் குறையும். ஒரு பலகையின்மீதேனும் வரிசையாக வைத்தல் வேண்டும். விலையைச் சீட்டில் எழுதி ஒட்டினால், கேட்கக் கூசுவோரும் வாங்குவர். சில்லறையும் கைப்பேசிவழிப் பணம் பெறும் அட்டையும் அவசியம். ஒரு குழுவினர் ஒரே கடையில் பலவகைப் பொருளை வைத்து முறைவைத்து இருந்தால் வாடகை குறையும். எது விற்றது, எது மீந்தது என்பதை அன்றிரவே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டால், அதுவே அடுத்த ஆண்டுக்கு வழிகாட்டி.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

ஏரி குளங்களிலிருந்து வயலுக்கு வண்டல் மண்ணும் மண்பாண்டத் தொழிலுக்குக் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று தமிழ்நாட்டரசு 2024-இல் ஏற்பாடு செய்தது. இத்தகைய மனுக்கள் மேசையில் ஒரு மாதம் தங்கினால், மழை வந்து ஏரி நிரம்பிவிடும். குயவருக்கு அவ்வாண்டின் பிழைப்பே போய்விடும். ஆகவே இவற்றைக் கோடைக்குள் தீர்த்தல் கிராம அதிகாரிகளின் கடமை. நிலமுடையோர் ஓடைக் கரைகளிலும் வரப்போரங்களிலும் மூங்கில் வைத்தால் மண்ணரிப்பும் தடைப்படும், கூடை முடைவோர்க்குக் கழியும் கிடைக்கும். திருவிழாக் காலங்களில் உள்ளூர்க் கைத்தொழிலாளருக்கு நடைபாதையை ஒட்டி இடம் ஒதுக்குதலும், நிழல், குடிநீர், விளக்கு, மாதர்க்குக் கழிப்பிடம் ஆகியவற்றை அமைத்தலும் ஊராட்சியாரின் பொறுப்பு. வெளியூர் வியாபாரியும் உள்ளூர்க் குயவரும் ஒரே சுங்கம் செலுத்துவது நியாயமாகாது. இதனை ஊராட்சிக் கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்யலாம்.

ஒரு விழாவின் விற்பனை ஒரு குடும்பத்தைச் செல்வமாக்கிவிடாது. ஆனால் கோடையில் வட்டிக்கு வாங்க நேரும் விதைப் பணத்தை அது தரக்கூடும். கடனின்றி ஆடியில் விதைப்பவன், அறுவடையைத் தன் விருப்பப்படி விற்கும் உரிமையை உடையவனாகின்றான்.