உருக்கிய காசும் வழியனுப்பாத விருந்தும்

விஜயநகரமும் பாமினி சுல்தானகமும் ஏன் ஓயாமல் போரிட்டன? சமயப் பகையே காரணம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த விடைக்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுபவர் பெரிஷ்டா; பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூர் அரசவையிலிருந்து பாரசீக மொழியில் வரலாறு எழுதியவர். சமயச் சினம் அவர் எழுத்தில் நிறையவே உண்டு. ஆயினும், நிதானமாகப் படிக்கும்போது பணமும் மரியாதையுமே போர்களின் தொடக்கத்தில் நிற்பதைக் காண்கிறேன்.

பாமினி மன்னர் முதலாம் முகமது ஷா (1358-75) பொற்காசு வெளியிட்டார். விஜயநகர, தெலங்கானா அரசர்களின் தூண்டுதலால் பொற்கொல்லர்கள் அவற்றை உருக்கினர் என்கிறார் பெரிஷ்டா. தங்கள் காசுகளே தக்காணத்தில் புழங்க வேண்டும் என்பது அவ்வரசர்களின் விருப்பம். எச்சரித்தும் அடங்காத பொற்கொல்லர்களுக்குச் சுல்தான் மரண தண்டனை விதித்தார். பொருளியல் கற்பித்தவன் என்பதால், பக்கம் பக்கமான முற்றுகை வருணனைகளைவிட இச்சிறு குறிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். காசு செல்லும் தொலைவுவரைதான் அரசின் அதிகாரம் சந்தையில் செல்லும். கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட ராய்ச்சூர் நிலப்பகுதிக்காக இரு தரப்பும் தலைமுறைகளாக மோதியதும் வருவாய்க் கணக்கில்தான்.

பின்னர் ஒரு விருந்தில், இசைக் கலைஞர்களுக்கான பரிசை விஜயநகரக் கருவூலம் தர வேண்டும் என்று அதே சுல்தான் ஓலை எழுதினாராம். அண்டை வீட்டுப் பணத்தில் தாராளம்! புக்கர் தூதரை அவமதித்து அனுப்பிவிட்டு, முத்கல் கோட்டையைத் தாக்கினார். பேரழிவுக்குப் பின் ஏற்பட்ட உடன்பாட்டில், போரிடாதோரைக் கொல்வதில்லை என்று சுல்தான் உறுதியளித்தார். இதையும் பதிவு செய்தவர் பெரிஷ்டாதான். இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் வில்லாளரைச் சேர்த்து, அவர்களுக்கு மசூதி கட்டித் தந்த செய்தியும் அவருடைய நூலில் இருக்கிறது.

வியப்பூட்டுவது வேறொன்று. முதலாம் தேவராயரின் மகளை மணந்த பிரோஸ் ஷா, மாமனார் தம்மைப் போதிய தொலைவு வந்து வழியனுப்பவில்லை என்று மனத்தாங்கலோடு திரும்பினாராம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பீஜப்பூர் அலி அடில் ஷா, மகனை இழந்த ராமராயருக்கு ஆறுதல் கூற விஜயநகரம் சென்றார். ராமராயரின் மனைவி அவரை மகனாகவே ஏற்றார். ஆனால், ராமராயர் வழியனுப்ப வரவில்லை; அதே மனத்தாங்கல் மீண்டும் எழுகிறது.

இந்த ஒற்றுமை தற்செயலென நான் நம்பவில்லை. பெரிஷ்டாவை ஆதரித்த இரண்டாம் இப்ராகிம், அலியின் தம்பி மகன். மகனாக ஏற்கப்பட்டவரே 1565இல் ராமராயருக்கு எதிராகப் படை திரட்டியதற்கு, பீஜப்பூர் அவையில் ஏற்கத்தக்க ஒரு நியாயம் தேவைப்பட்டது.